எண்ணூறைத் தாண்டாத லேப்டாப்

எங்கள் ஊரில் இப்போது நேரலை இல்லாமல் யாரும் கல்யாணம் கழிப்பதுமில்லை, சாவதுமில்லை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் பாதையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற சின்னச் சபை எங்களுடையது. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார்கள். இங்கே மணி அடித்தால் அங்கே குவைத்திலும் ரியாத்திலும் போனைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிரசங்கம் நீண்டுபோனால் அங்கிருந்தே கருத்துப் பகுதியில் புலம்புவார்கள்.

இந்த நேரலைக்குப் பொறுப்பு நான். விரும்பி ஏற்றதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது ஊருக்கு வந்தேன். நம்ம பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியுமே என்று சபைக் கமிட்டியில் யாரோ சொல்ல, மற்றவர்கள் தலையாட்ட, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாடகர் குழுவுக்குப் பின்னால் எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த ஆராதனையிலும் நான் கண்ணை மூடி ஜெபித்தது கிடையாது. கண்ணை மூடினால் படம் நின்றுவிடும் என்ற பயம்.

சபைக்கென்று இருந்தது ஒரு பழைய லேப்டாப். யாரோ பயன்படுத்திக் கழித்ததை வாங்கியிருந்தார்கள். அதில் இருந்த இயங்குதளம் திறந்து வருவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடும். அதைத் துடைத்தெறிந்துவிட்டு நான்தான் லினக்ஸ் போட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக ஓடியது. அந்த ஒரு வருஷமும் யாரும் என்னைப் பாராட்டவில்லை. கெட்டுப்போன பிறகுதான், அதில் லினக்ஸ் போட்டது யார் என்ற கேள்வி ஊருக்குள் வந்தது.

கெட்டுப்போனதன் கதை ஐப்பசி இடியில் தொடங்குகிறது. மலையோரத்தில் துலாமழை பெய்தால் இடி வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுத்தான் போகும். அந்த வருஷ இடியில் சபையின் ஆம்ப்ளிஃபயரும் லேப்டாப்பின் சார்ஜரும் கருகிப்போயின. லேப்டாப் தப்பியது. சார்ஜர் தேவைப்படுகிறது என்று சபையில் அறிவித்தார்கள்.

அடுத்து வந்தது அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலாவதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பதும், ஜெபம் முடிந்து அவற்றை ஏலம் விடுவதும் எங்கள் வழக்கம். அந்த வருஷம் ஏத்தன் வாழைக்குலைக்கும் சேனைக்கிழங்குக்கும் நடுவே ஒரு லேப்டாப் சார்ஜர் இருந்தது. கொண்டுவந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. வளைகுடாவில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கறண்டு விஷயத்தில் ஊரில் அவர் சொன்னதுதான் சட்டம். வரும்போது வாங்கிவந்த சாமான்களில் பாதியை இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அலமாரியில் வைத்திருப்பவர். அதில் ஒன்றுதான் இந்தச் சார்ஜர். 'ஒரிஜினல்' என்று மூன்று பேரிடமாவது சொன்னார்.

போதகர் குலையையும் சேனையையும் சார்ஜரையும் சேர்த்தே ஆசீர்வதித்தார். ஏலத்தில் அதை விலைக்கு மேல் விலை வைத்து ஒருவர் பிடித்தார். பிடித்தவர் அப்படியே சபைக்குத் திருப்பிக் கொடுத்தார். கைதட்டினார்கள். நான் அதை வாங்கி லேப்டாப்பில் குத்தினேன். முனை சரியாகப் பொருந்தியது, விளக்கு எரிந்தது, பேட்டரி ஏறத் தொடங்கியது. கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் ஆலயத்தில் எல்லோர் முன்னிலும் ஜெபித்துக் கொடுத்த பொருளை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறாய் என்று யார் கேட்பார்கள்?

அதற்கு அடுத்த நேரலை, டிசம்பரில் வந்த கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனை. பாடகர்கள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்கள். பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து எல்லோரும் ஒரே குதியில் வேறு இடத்துக்குப் போனார்கள், மறுபடி நின்றார்கள். கருத்துப் பகுதியில் மழை மாதிரி வந்து விழுந்தது. 'சவுண்டு வருது, ஆளு வரல்ல.' 'இது பாட்டா போட்டோ ஆல்பமா.' இன்டர்நெட் கோளாறு என்று நினைத்தேன். அது நன்றாகவே இருந்தது. பிறகுதான் செயலியின், அதாவது பிராசசரின், வேகத்தைப் பார்த்தேன். எண்ணூறு மெகாஹெர்ட்ஸ். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும்போது இருக்கிற வேகம் அது. காணொளியைச் சுருக்கி அனுப்புகிற வேலை தலைக்கு மேல் குவிந்துகிடக்க, இந்த மகாராணி எண்ணூறில் உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு செயலி எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாது. வேலை இல்லாதபோது வேகத்தைக் குறைத்துச் சூட்டையும் பேட்டரியையும் மிச்சம் பிடிக்கும். வேலை வந்ததும் கூட்டிக்கொள்ளும். எவ்வளவு கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதைப் பார்த்துக்கொள்ள இயங்குதளத்தின் மையத்தில், அதாவது கெர்னலில், ஒரு பகுதி இருக்கிறது. அதற்குக் கவர்னர் என்று பெயர். சிக்கனமாக ஓட்டுகிற கவர்னர் உண்டு, முழு வேகத்தில் ஓட்டுகிற கவர்னர் உண்டு. நான் சிக்கனத்தை எடுத்துவிட்டு முழு வேகத்தை வைத்தேன். சரி, முழு வேகம் என்று திரை பதில் சொன்னது. உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டேன். மூவாயிரத்துக்கு மேல் என்றது. இப்போது எவ்வளவில் ஓடுகிறாய் என்று கேட்டேன். எண்ணூறு.

கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதை மட்டும் செய்யாத ஆட்களோடு எனக்கு ஆபீசில் பழக்கம் உண்டு. ஆனால் அவர்களிடம் மேலதிகாரியைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்சமாவது அசைவார்கள்.

அடுத்து, வேகத்தைக் கையாளும் டிரைவர் என்கிற மென்பொருளைச் சந்தேகித்தேன். அதை நிறுத்திவிட்டுப் பழைய டிரைவர் எழும்பும்படி செய்தேன். எண்ணூறு. புதிய கெர்னல் போட்டேன். எண்ணூறு. அதைவிடப் பழைய கெர்னலுக்கு இறங்கினேன். அங்கே எண்ணூறும் இருந்தது, ஒலியும் போனது. சூடாகிறதோ, அதனால் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறதோ என்று பார்த்தால், அடுப்பங்கரைத் தரையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். விசிறிக்குள் பல்லி முட்டை இரண்டு. ஆகா, அகப்பட்டுவிட்டது என்று அந்த முட்டைகளைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியை என் பட்டமளிப்பு விழாவில்கூட அடைந்ததில்லை. துடைத்து, செயலியின் மேல் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பசையை மாற்றி, மூடி, மடியில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். மூவாயிரத்தைத் தொட்டு ஓடியது. அன்று வீட்டில் எல்லோருக்கும் என் கையால் காப்பி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொண்டுவைத்து, சார்ஜரைக் குத்தி, நேரலையைத் தொடங்கினேன். எண்ணூறு.

சபைச் செயலர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் நிரூபணத்தோடுதான் பேசுவார். ஆராதனை முடிந்து என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, வீட்டில் ஓடியதா என்று கேட்டார். ஓடியது என்றேன். கோயிலில் ஓடவில்லையா என்றார். இல்லை என்றேன். "அப்ப மிஷினுக்குக் கொறவொண்ணும் இல்ல பிள்ளே, விசுவாசத்துலதான் கொறவு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாடகர் குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கிக் கோதையாற்றுக் கால்வாயில் போடலாம்போல் இருந்தது.

இன்று யோசித்தால் அவர் சொன்னது பாதி சரி. வீட்டில் நான் சார்ஜரைக் குத்தவே இல்லை. பேட்டரியில் ஓட்டினேன். ஆலயத்தில் எப்போதும் சார்ஜர் குத்தியிருந்தது. இதை என் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை செய்திருந்தால், இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பேன். நான் எழுதவில்லை. பேட்டரியில் வேகமாகவும் கறண்டில் மெதுவாகவும் ஒரு கம்ப்யூட்டர் ஓடும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. உலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் அதற்கு நேர் எதிராகத்தான் நடந்துகொள்ளும்.

கடைசியில் இணையத்தில், இந்த மாதிரிக் கோளாறுகளைப் பேசுகிற இடத்தில், செய்ததையெல்லாம் நீளமாக எழுதிப்போட்டேன். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு முகம் தெரியாத ஆள் ஒரே வரியில் கேட்டிருந்தார்: சார்ஜர் அந்த லேப்டாப்புக்கு உரியதுதானா? எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இத்தனை நுணுக்கமாக எழுதியிருக்கிறேன், இந்த மனுஷன் பிளக்கைப் பற்றிக் கேட்கிறாரே என்று. 'ஆம், ஒரிஜினல்' என்று அறைந்தாற்போல் பதில் போட்டேன். பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. மாமா ஒரிஜினல் என்றார், போதகர் ஜெபித்தார், ஏலத்தில் பிடித்தார்கள், ஊர் கைதட்டியது. எங்கள் ஊரில் வளர்ந்த ஒருத்திக்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? கவர்னரைச் சந்தேகித்தேன், கெர்னலைச் சந்தேகித்தேன், பல்லியைக்கூடச் சந்தேகித்தேன். காணிக்கைப் பொருளைச் சந்தேகிக்கலாம் என்பதே தோன்றவில்லை. அந்த ஆளும் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இப்படியே இழுத்துக்கொண்டு மாசி மாதம் வந்தது. படத்தின் அளவைக் குறைத்து, தரத்தைக் குறைத்து, ஏதோ தபால்தலை மாதிரி ஒரு நேரலையை ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் தோழியின் அம்மா இறந்துபோனார்.

தோழி என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது ரியாத்தில் நர்ஸ். அவளுக்கு அப்பா சின்ன வயதிலேயே இல்லை. அம்மா ரப்பர் பால் எடுத்துப் படிக்கவைத்தார். அவள் புதிய ஆஸ்பத்திரிக்கு மாறி, அங்கே தங்கும் அனுமதி அட்டைக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த நேரம் அது. காகிதம் கைக்கு வராமல் அவள் நாட்டை விட்டு அசைய முடியாது. முட்டி மோதிப் பார்த்தாள். முடியவில்லை. உடலை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று அவளுடைய அண்ணன் அடக்கத்துக்கு நாள் குறித்துவிட்டார். அன்று மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். அழுகை எல்லாம் முடிந்து வறண்டுபோன குரல்.

"ஏட்டி, எனக்க அம்மைக்க முகத்த ஒருக்க நல்லாக் காட்டுவியா? பெட்டி மூடுததுக்கு முன்ன. அது மட்டும் போரும்."

காட்டுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? எண்ணூறைப் பற்றியா சொல்வது? போன் வழியாகவே காட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். அவள் வீடு இருப்பது ஒரு சரிவுக்குக் கீழே. அங்கே போனில் பேசவே மேலே நிற்கிற தென்னைமர மூட்டுக்கு ஏறி வரவேண்டும். வீட்டுக்குள் வருவது வைஃபை இல்லாத கேபிள் இன்டர்நெட் ஒன்றுதான். அதைக் கம்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து, கேமராவையும் அதில் இணைத்தால்தான் நேரலை.

அடக்கத்தன்று காலையிலேயே போய்விட்டேன். முற்றத்தில் டார்ப்பாய்ப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், வீட்டுக்குள்ளிருந்து இழுத்த ஒரே வயரில் ஐஸ் பெட்டி, மைக் செட், என் லேப்டாப். கேமராவை முக்காலியில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். வழக்கம்போல் ஆட்கள் நின்று நின்று குதித்தார்கள். எண்ணூறு. அளவைக் குறைத்தேன். ஐஸ் பெட்டிக்குள் இருந்த அம்மாவின் முகம் நான்கு கட்டங்களாகத் தெரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைத்தான் அவளுக்குக் காட்டப்போகிறேனா?

அந்த நேரத்தில் கறண்டு போனது. மைக் செட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்தது. ஐஸ் பெட்டி முனகலை நிறுத்தியது. ஜெனரேட்டரை இழுத்துவிடச் சொல்லி யாரோ கத்தினார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில், முற்றத்தில் நடந்துபோன ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பு தண்ணீர்போல் அசைந்தது. ஒரு குதி இல்லை, ஒரு நிற்றல் இல்லை. வேகத்தைப் பார்த்தேன். மூவாயிரத்துச் சொச்சம். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது, சார்ஜரின் விளக்கு எரிந்தது, எண்ணூறு.

நான் கையை நீட்டிச் சார்ஜரைப் பிடுங்கினேன். மூவாயிரம். குத்தினேன். எண்ணூறு. பிடுங்கினேன். சாவு வீடு என்பதை மறந்து வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. முன்னால் இருந்த பாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பாவம், பிள்ளைக்கு வருத்தம் என்று பக்கத்தில் சொன்னார்.

விஷயம் இவ்வளவுதான். இந்த வகை லேப்டாப்புகளின் சார்ஜர் முனைக்குள் ஊசிபோல ஒன்று இருக்கும். நான் இன்ன சார்ஜர், இவ்வளவு சக்தி தருவேன் என்று அது லேப்டாப்பிடம் சொல்லும். மாமாவின் சார்ஜர் முனை பொருந்தியதே தவிர, அதற்கு இந்த மிஷினின் பாஷை தெரியாது. ஒன்றும் சொல்லாமல் கறண்டை மட்டும் தந்தது. வந்திருப்பது யார் என்று தெரியாத லேப்டாப், பயந்துபோய், செயலியை அடிமட்ட வேகத்தில் கட்டிப்போட்டுவிட்டது. சில மிஷின்கள் திறக்கும்போதே இந்தச் சார்ஜரைத் தெரியவில்லை என்று திரையில் சொல்லும். இது அதுகூடச் சொல்லாத அழுத்தக்காரி. கெர்னல் ஒரு தவறும் செய்யவில்லை. அதற்கும் மேலே இருந்து வந்த கட்டளை அது. நான் மாதக்கணக்காகக் குடைந்தது முழுக்கத் தவறான இடத்தில்.

அந்தக் கட்டளையைக் கண்டுகொள்ளாதே என்று கெர்னலிடம் சொல்லவும் வழி உண்டு. ஆனால் அதற்கு மிஷினை மறுபடி தொடங்க வேண்டும், தொடங்கி வராமல் போனால் அவ்வளவுதான். உரிய சார்ஜர் வாங்க நாகர்கோவில் போகவேண்டும். அதற்கு நேரமில்லை. ஆராதனை தொடங்கும்வரை பேட்டரியை ஏற்றுவது, தொடங்கியதும் பிடுங்குவது என்று முடிவு செய்தேன். பெட்டி மூடும்வரை பேட்டரி தாங்கும். அதற்குப் பிறகு எப்படியும் போகட்டும்.

ஆராதனை தொடங்கியது. பிடுங்கினேன். படம் தெளிந்த நீராக ஓடியது. அளவைக் கூட்டினேன், தரத்தைக் கூட்டினேன். பார்ப்பவர்கள் பட்டியலில் தோழி இருந்தாள். 'தெரியுது மக்கா' என்று ஒரு வரி வந்தது. இத்தனை மாதங்களில் முதன்முறையாக என் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

ஆனால் எங்கள் ஊர் ஆட்களின் உபகார குணத்தை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. முதல் பாட்டு முடிவதற்குள் ஒரு பெரியவர் குனிந்து, வயர் கழன்று கிடக்கிறது என்று என் காதில் சொன்னார். தெரியும் என்று தலையாட்டினேன். வேத பாடம் வாசிக்கும்போது ஒரு பெண் அதை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். செயலர் தூரத்திலிருந்து கை ஜாடையால் பிளக்கைக் குத்திக் காட்டினார். நானும் ஜாடையால் வேண்டாம் என்றேன். அவர் இன்னும் பெரிதாகக் குத்திக் காட்டினார். ஜெபம் நடக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறோம். சார்ஜர் தந்த மாமா பந்தல் காலைப் பிடித்தபடி, தன்னுடைய சார்ஜர் என் மடியில் சுருண்டு கிடப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கடைசியாக முகம் பார்க்கிற நேரம் வந்தது. ஆட்கள் பெட்டியை நெருக்கிச் சூழ்ந்தார்கள். கேமராவில் முதுகுகள் மட்டும் தெரிந்தன. நான் எழுந்து, சார்ஜரை நாற்காலியில் போட்டுவிட்டு, ஓடிப்போய் கேமராவை முக்காலியோடு தூக்கி எல்லோருக்கும் மேலே உயர்த்திப் பிடித்தேன். அண்ணன் குனிந்து முத்தமிட்டார். விலகினார். அம்மாவின் முகம் முழுதாகத் தெரிந்தது. வெள்ளைத் துணிக்கு நடுவே, நெற்றியில் நரைமுடியை நன்றாகச் சீவிவிட்டிருந்தார்கள். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன், தெளிவாக இருந்தது. கை கடுத்தாலும் இறக்கவில்லை. பெட்டி மூடினார்கள். பாட்டு தொடர்ந்தது. காட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தால் சார்ஜர் லேப்டாப்பில் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா பக்கத்தில் நின்று, நான் குத்திவிட்டேன், கவலைப்படாதே என்று முகத்தாலேயே சொன்னார். திரையில் படம் அப்படியே நின்றிருந்தது. எப்போது நின்றது, எதில் நின்றது என்று பார்க்கிற நிதானம் எனக்கு இல்லை. பிடுங்கினேன். படம் குதித்து, மூடிய பெட்டிக்கு வந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் போயிற்று. பந்தலுக்கு வெளியே போய் நின்றேன். மாமாவும் பின்னாலேயே வந்து, பேட்டரி தீரப்போகிறது என்று நினைத்ததாகச் சொல்லத் தொடங்கினார். நான் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பல்லுக்கிடையில் சொன்னேன்: "மாமா, உங்க சார்ஜர்தான் இவ்வளவு நாளும் கோளாறு. அது ஒரிஜினலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தப் பிள்ள அம்மைக்க முகத்தக் காணல்ல, உங்களால."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேசைக்குப் போய்ச் சார்ஜரை எடுத்து, வயரைப் பொறுமையாகச் சுற்றி, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆலயத்துக்கும் வரவில்லை, கல்லறைக்கும் வரவில்லை. ஆலயத்தில் முதல் பாட்டோடு பேட்டரி தீர்ந்தது. நான் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு ஆராதனையில் கண்ணை மூடினேன். ஜெபம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் காலையில் பதிவை எடுத்துவைத்துத் திருத்த உட்கார்ந்தேன். அவளுக்கு நிரந்தரமாக ஒரு பிரதி அனுப்பவேண்டும். அந்த நிற்றல் பதிவிலும் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, படம் மட்டும் நீண்ட நேரம் அசையாமல் நின்றது. அண்ணனின் மகன் போனில் எடுத்துவைத்திருந்த காட்சியை வாங்கி, நின்றுபோன இடத்தை வெட்டி, அதைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி மூடுவது அதில் முழுதாக இருந்தது. அப்போது அவள் அழைத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் நான் முதலில் வாயைத் திறந்தேன். அவள் பேசவிடவில்லை.

"ஏட்டி, நீ வேணும்னுதானே அங்க நிறுத்தின? எனக்க அம்மைக்க முகத்துல படம் அப்படியே நின்னு. பாட்டு மட்டும் ஓடுது. மூடுனத நான் காணவே இல்ல, கேட்டியா. அண்ணனுக்கு ஒரு முத்தம் குடுக்கத்தான் நேரம் கிடைச்சிருக்கும். நான் போனை நெஞ்சுல வச்சிட்டும், பிறகு எடுத்துப் பாத்துட்டும் இருந்தேன். அம்ம அப்படியே கிடந்தா. எனக்கு மதியாவோளம், போரும் போரும்னு தோணுத வர, முகத்தக் காணத் தந்தா."

அம்மாவின் முகத்திலா நின்றது? நான் திருத்திக்கொண்டிருந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஆமாம். அண்ணன் விலகிய மறுகணம். சீவிய நரைமுடி, மூடிய கண்கள், யாருடைய தோளும் குறுக்கே இல்லை. வெட்டும்போது கோளாறாகத்தான் பார்த்தேன், முகமாகப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்யாததை நான் செய்ததாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் நிறுத்தவில்லை, சார்ஜர் தந்த மாமா தெரியாமல் குத்தியதில் மிஷின் நின்றுபோனது என்று சொன்னேன். "சாரமில்ல, அதுவும் நல்லதுக்குத்தான். அந்த மாமாட்ட நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள். "அத வெட்டி எடுத்துராத மக்கா."

வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்து, நின்றது நின்றபடியே அனுப்பிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் பின்முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், அந்தச் சார்ஜரை இனி யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று தானாகவே சொன்னார். நான் அதைப் பேச வரவில்லை என்றேன். நேற்று அவர் குத்திய நேரத்தில் படம் எங்கே நின்றது, ரியாத்தில் இருந்தவள் அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன சொல்லச் சொன்னாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஷீட்டைக் கயிற்றில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்க சொல்லு மக்கா" என்றார்.

சொன்னேன்.